மருமவன் கொண்டாந்த ரயில் வண்டி

வா மருமவனே, வா. சாரல் தொடங்கின சேதி பெங்களூர் வரைக்கும் எட்டிட்டாக்கும். ஏறு, தார்சாவுல ஏறி உக்காரு. அது என்னடே கையில, துண்டுக்குள்ள பொதிஞ்சு வச்சிருக்கே? நாயா! ஐந்தருவி ரோட்டுல வாங்குன பலாப்பழம்னுல்லா நெனச்சேன்.

இறக்கி விடு, நடையழகைப் பாப்போம். அடேயப்பா! மூஞ்சி தார்சாவுக்கு வந்துட்டு, வால் இன்னும் தெருவுலயே நிக்கி. பொதிகை எக்ஸ்பிரஸ் மாதிரில்லா இருக்கு. இஞ்சின் தென்காசி டேசன்ல, கார்டு பெட்டி கடையநல்லூர்ல. அந்தா மதில் மேல இருக்க குரங்கைப் பாரு, தேங்காச்சில்லைக் கடிக்க மறந்து வாயைப் பொளந்துட்டு இருக்கு. குத்தால சீசனுக்கு வாற கூட்டத்தை எல்லாம் பாத்த குரங்கு அது. அதுக்கே புதுசா இருக்குன்னா பாத்துக்கோ.

கோவிச்சுக்கிடாதே. மருமவனைக் கேலி பண்ண மாமனுக்கு இல்லாத பாத்தியதையா? அதுவும் நான் மாட்டாஸ்பத்திரியில முப்பது வருசம் கம்பவுண்டரா இருந்தவன். எருமைக்கு ஊசி போட்ட கைக்கு நாய் லட்சணமும் கொஞ்சம் தெரியும்.

நீ டேஷ்ஹவுண்டுன்னு சொல்லுதே. ஜெர்மன்காரன் டாக்ஸ்ஹுண்டுங்கான். அந்த ஊருக் காட்டுல பேட்ஜர்னு ஒரு பிராணி, வளை தோண்டிக் குடியிருக்கும். அதுக்கு அவன் பாசையில டாக்ஸ்னு பேரு, ஹுண்டுன்னா நாய். வளைக்குள்ள எறங்கி அதோட மல்லுக்கு நிக்க ஒரு நாய் வேணும்னு பண்ணின உருப்படிதான் இது. மண்ணுக்குள்ள நுழைய நீளமான ஒடம்பு, குட்டைக் காலு. மண்ணைப் பறிக்க மம்மட்டி மாதிரி முன்னங்காலு. உள்ள மாட்டிக்கிட்டாலும் மூச்சு முட்டாம இருக்க விரிஞ்ச நெஞ்சு. மேல நிக்க எசமானுக்குக் கேக்கணும்லா, அதுக்குத்தான் இந்தப் பொடிசுக்கு இத்தாம் பெரிய தொண்டை.

லட்சணமும் எழுதி வச்சிருக்கான். பொண்ணு பாக்கப் போற நம்ம ஆச்சிமாரு தோத்துப் போவாவ. ஒசரம் ஒரு பங்குன்னா நீளம் ஒண்ணே முக்கால் பங்கு. நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவுல, ஒசரத்துல மூணுல ஒரு பங்கு எடைவெளி இருக்கணும். முடியில மூணு சாதி: வழுவழு, நீளமுடி, கம்பிமுடி. உருவத்துலயும் மூணு. அதை எப்படிப் பிரிக்கான் தெரியுமா? தராசு இல்ல, தையக்காரன் டேப்பு. பதினஞ்சு மாசம் ஆனபொறவு நெஞ்சைச் சுத்தி அளக்கான். ஆகச் சின்னதுக்கு முயல் டாக்ஸ்ஹுண்டுன்னு பேரு, முயல் வளைக்குள்ள போவணும்லா. எத்தனை கிலோன்னு வளை கேக்காது, உள்ள நுழையுமான்னுதான் கேக்கும். இந்த நாய்க்குன்னு 1888லயே சங்கம் கூட்டினவன், சும்மாவா!

எல்லாஞ் சரி, நான் ஒண்ணு கேக்கேன். நீ பன்னெண்டாவது மாடியில குடியிருக்கே. அங்க எந்த வளை இருக்கு? குளிச்சு முடிச்ச தண்ணி போற ஓட்டையா?

சிரிக்காதே. நம்ம பக்கத்து நாயும் இப்படித்தான், ஒரு வேலைக்குப் பொறந்தது. சங்கரன்கோவில் தாண்டிக் கரிசக்காட்டுக்குப் போ, கன்னியும் சிப்பிப்பாறையும் நிக்கும். ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு, கொக்குக் காலு, சாட்டை வாலு. எல்லாம் எதுக்கு? வெட்டவெளியில முயலை வெரட்ட. அங்க வளைக்குள்ள போவ, இங்க வெளியில ஓட. 1972ல மியூனிக் ஒலிம்பிக்ல ஒன் நாய்ச் சாதியைச் சின்னமாக்கி, வால்டின்னு பேரும் வச்சு, மாரத்தான் ஓடுத பாதையவே அது உருவத்துல போட்டாவ. அதே 1972ல இங்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துது. போவப் போவ முயல் புடிச்சா கேசுன்னு ஆயிட்டு. அங்க குட்டைக்காலன் மாரத்தானுக்கு அடையாளம், இங்க ஓட்டக்காரனுக்கு வேலை போச்சு. சட்டத்தைக் குத்தம் சொல்லல, முயலும் பொழைக்கணும்லா. காலக்கூத்தைச் சொல்லுதேன்.

நம்ம ஆளுவளையும் லேசா நெனைக்காதே. ராசபாளையத்து நாய்க்கு 2005ல தபால்தலையே போட்டுட்டான். பால் வெள்ளை, மூக்கு ரோஸ்கலர், அதுதான் லட்சணம்னு புடிவாதம். அந்த வெள்ளை ஆசையில குட்டிகள்ல சிலதுக்குப் பொறவியிலயே காது கேக்காமப் போவுது. நமக்குக் கண்ணுக்கு அழகு, அதுக்குக் காது செவிடு.

ஒன் குட்டைக்காலனுக்கு முதுகு. கால் குட்டையாவுததுக்குக் காரணம், ஒரு ஜீனோட நகல் கூடுதலா ஒட்டிக்கிட்டதுதான்னு 2009ல கண்டுபிடிச்சிருக்காவ. அந்த ஒடம்புவாகுல முதுகெலும்புக்கு நடுவுல இருக்க மெத்தை சீக்கிரம் காஞ்சு இறுகிப் போவும். ஒருநாள் சோபாவுல இருந்து குதிக்கும், அந்த மெத்தை பிதுங்கி நரம்பை அமுக்கும், பின்னங்காலு ரெண்டும் விழுந்துரும். நாலஞ்சுல ஒண்ணுக்கு இந்த முதுகுக் கோளாறு வருதாம். வளைக்குள்ள போவப் பண்ணின ஒடம்பு மருமவனே, மாடிப்படிக்குப் பண்ணினதில்ல.

இப்பம் அதைத் தூக்குனியே, எப்படித் தூக்குனே? கக்கத்துல கையக் குடுத்து, வாழைத்தாரு மாதிரித் தொங்கவிட்டு. இங்கன பாரு. ஒரு கை நெஞ்சுக்கடியில, ஒரு கை பின்பக்கத்துக்கடியில. முதுகு மட்டமா நிக்கணும், எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்குத மாதிரி. ம்... பாரு, என் கையில வந்ததும் வாலாட்டுது. விவரம் தெரிஞ்ச நாய்தான். எசமானுக்குத்தான் பத்தல.

சோபாவுக்கும் கட்டிலுக்கும் சரிவா ஒரு பலகை போடு. மாடிப்படியில விடாதே. கழுத்துல கயிறு வேண்டாம், நெஞ்சோட சேத்துப் போடுத வாரு வாங்கு. பேரருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஈரப்படியில எறக்கிராதே, அது பெரிய தொந்தியுள்ள மனுசனே வழுக்குத எடம்.

தொந்தின்னதும் ஏன் சட்டையை இழுத்து விடுதே? நான் நாயைப் பத்தித்தானே பேசுதேன்! சரி, வாயக் கெளப்பிட்டே, கேட்டுக்கோ. நேத்து ராத்திரி பிரானூர் பார்டர்ல பரோட்டா தின்னியாமே, ஒன் மாமி சொன்னா. இதுக்கும் பிச்சுப் போட்டிருப்பே. வளைஞ்ச பாலத்து மேல லாரியை ஏத்துத வேலை அது. பெரிய சாதிக்கே பழைய ஜெர்மன் கணக்கு ஏறக்குறைய 9 கிலோதான். இது பதிமூணு இருக்கும், கைக்குத் தெரியுது. தரைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல மூணுல ஒரு பங்கு எடைவெளின்னு எழுதினவன் வந்து பாத்தா, ஒங்க ரெண்டு பேருல யாரை மொதல்ல அளக்கன்னு முழிப்பான்.

வளர்க்காதேன்னு சொல்லல. கூட்டியாந்துட்டே, அதுக்கு ஒன்னை விட்டா நாதியில்ல. இனிமே எவனாவது எங்க குட்டி கெடைக்கும்னு ஒன்கிட்ட கேட்டா, வெலையச் சொல்லுததுக்கு முன்னாடி முதுகச் சொல்லு. செல்போன் விளம்பரத்துல வந்துதுன்னு ஊரே பக் நாய் வாங்கி, அது மூச்சு முட்டுததைப் பாத்துட்டு நின்ன கூத்து நமக்குப் போதும்.

இப்பம் எந்திரி. மாமி மீன்கொழம்பு வச்சிருக்கா, ஒனக்கு ரெண்டு கரண்டி, அதுக்கு ஒண்ணும் கெடையாது. அடுத்த சாரலுக்கு ரெண்டு பேரும் வாங்க. நாய் ஒம்பது, நீ எம்பது. தராசை நான் தார்சாவுலயே போட்டு வைக்கேன்.