பரண் மேல மேகம்

ஏலே தம்பி, இங்கன வா. திண்ணையில உக்காரு. நீயும் எம் பேரன மாதிரி வீட்டுல சர்வர் வைக்கப் போறியாமே? நல்லது. அதுக்கு முன்ன கெழவன் சொல்லுதத ரெண்டு நிமிசம் கேட்டுக்கோ. துட்டா கேக்கேன்?

எங்க வீட்டுப் பரண்ல புளிப்பானை இருந்த எடத்துல இப்ப ஒரு பொட்டி இருக்கு. ராவெல்லாம் பச்சையா கண்ணு சிமிட்டும். ஆச்சி மொதல்ல பூனைன்னு நெனச்சுப் பாலு வச்சா. "இது சர்வர் ஆச்சி"ன்னான் பேரன். எனக்குத் தெரிஞ்ச சர்வர் கோயில்பட்டி ஓட்டல்ல உண்டு. அவன் "என்ன வேணும்?"னு கேப்பான். இவன் "நீ யாரு?"ன்னு கேக்கான். சொன்னாலும் நம்ப மாட்டேங்கான். போன்ல ஆறு நம்பர் ஓடுதாம், அதையும் சொல்லுங்கான். சொந்த வீட்டுக்குள்ள நொழைய இம்புட்டு விசாரணையா?

"எதுக்குடா இது?"ன்னேன். "நம்ம போட்டோவெல்லாம் கம்பெனிக்காரன் மேகத்துல கெடக்கப்படாது தாத்தா"ன்னான். மேகத்தப் பத்திக் கரிசக்காட்டுக்காரனுக்கா சொல்லித் தரணும்? திரண்டு வரும், இடிக்கும், பெய்யாமப் போயிரும். கூகுள்காரன் போட்டோவ எம்புட்டு வேணும்னாலும் ஓசியில வச்சுக்கோன்னான். 2021 ஜூன் 1-ந் தேதியோட கைய விரிச்சான். எல்லாஞ் சேத்து 15 ஜிபி, அதத் தாண்டினா துட்டு. தானம் குடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காதேம்பாக. மாட்டுக்கு அது சரி. கம்பெனிக்காரன் தானம் குடுத்தா பல்லையும் பாரு, வாலையும் தூக்கிப் பாரு.

அந்தரங்கம்னு பேரன் பேசுதப்ப நான் சிரிக்க மாட்டேன். 2013-ல எட்வர்டு ஸ்னோடன்ங்கிற பயல், அமெரிக்க சர்க்காரு ஊரு உலகத்துப் போனையும் மெயிலையும் மோப்பம் பிடிக்கத போட்டு ஒடச்சான். நம்ம ஊருலயும் 2017 ஆகஸ்டு 24-ல சுப்ரீம் கோர்ட்டுல ஒம்போது நீதிபதி உக்காந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்னு ஒத்தக் குரலா எழுதுனாக. கேசு போட்டது யாருங்க? கம்ப்யூட்டர் படிச்ச பயலா? புட்டசாமின்னு ரிட்டையரான ஐகோர்ட்டு நீதிபதி. 2012-ல கேசு போடுதப்பவே 80 தாண்டிட்டு. அதனால கெழடுகளுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனையாத.

சரி, பொட்டிக் கதைக்கு வாரேன். மொதல்ல ஒரு பழைய கம்ப்யூட்டரத்தான் ஏத்துனான். 60 வாட்டு இழுக்கும். ராவும் பகலும் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட்டு. நம்ம சர்க்காரு வீட்டுக்கு ஓசியாக் குடுக்கதே 100 யூனிட்டு. வெளக்கெரிக்கக் குடுத்தத பரண் தின்னுட்டு! கம்பெனிய நம்ப மாட்டானாம், சர்க்கார நம்ப மாட்டானாம். சர்க்காரு குடுத்த ஓசிக் கரண்டு மட்டும் உத்தமம். நான் வஞ்ச பெறகு ராஸ்பெர்ரி பைன்னு சீட்டுக்கட்டு அளவுல ஒண்ணு வாங்கியாந்தான். 5 வாட்டு, ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட்டு. இத மொதல்லயே செஞ்சா என்ன?

அடுத்தது வெளியூர்லேருந்து பொட்டிய எட்டணுமாம். முடியல. ஏன்னா இன்டர்நெட்டுக்காரன் பலபேரு வீட்டுக்குஞ் சேத்து ஒரே வாசல் நம்பரக் குடுத்திருக்கான். வளவுக்குள்ள நூறு குடி, தெருவுல கதவு ஒண்ணு. வாரவன் யாரு வீடுன்னு கேட்டு வருவான்? அதுக்கு வயர்கார்டுன்னு ஒரு சுரங்கம் தோண்டுனான். அது புத்தி. சில பயலுக சுரங்கம் தோண்டச் சோம்பப்பட்டு வாசல அகலமாத் தொறந்து போட்டுருதான். ஒலகத்துல உள்ள களவாணி எந்திரமெல்லாம் வந்து கதவத் தட்டும். மாடு வாங்குனா மட்டும் போதுமாலே? நாளும் சாணி அள்ளணும்.

இப்பிடி ஏழு பூட்டு போட்டவன் போன வாரம் ஜவுளிக்கடைக்குப் போனான். கல்லாவுல இருந்த புள்ள "போன் நம்பர் சார்?"னுச்சு. பத்து நம்பரையும் ஒப்பிச்சுட்டான். எதுக்குடான்னா, பாயிண்டு ஏறுமாம். அங்கேருந்து ஜெராக்ஸ் கடை. ஆதார வாட்சப்புல அனுப்பி, பிரிண்டு வாங்கிட்டு வந்துட்டான். அந்தக் கடைக்காரன் போன்ல நம்ம ஊரு ஆதாரு பூராவும் கெடக்கு. நெசமான சர்வரு எதுங்க? கொல்லப்பக்கம் முள்வேலி, வாசப்பக்கம் கோலம் போட்டு வரவேற்பு!

ஐப்பசியில ஒரு இடி விழுந்துச்சு பாரு. பரண்ல பச்சக் கண்ணு மூடிட்டு. கொள்ளுப்பேரன் காதுகுத்துப் போட்டோ அத்தனையும் போச்சு. "ரெண்டு டிஸ்க்குலயும் ஒண்ணு போல எழுதுத ரெய்டு போட்டிருந்தேனே"ன்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டான். ஒரே பானையில ரெண்டு கை வெதை போட்டா ரெண்டு பானை ஆயிருமா? பானை ஒடஞ்சா ரெண்டுந்தான் சிந்தும்.

கடைசியில போட்டோ எங்கன கெடச்சுது தெரியுமா? சாத்தூர் அத்தை போன்ல. ஓட்டவாயி, எல்லாத்தையும் ஸ்டேட்டஸ்ல போடுவான்னு இவன் ஏசுவானே, அதே அத்தை. கோயில்ல எடுத்த படமெல்லாம் அவகிட்ட பத்திரமா இருந்துச்சு.

எங்க ஐயா வெதைச் சோளத்த ஒரு எடத்துல வைக்க மாட்டாரு. குலுக்கையில கொஞ்சம். சாம்பல் கலந்து மண்பானையில கொஞ்சம். அக்காளக் கட்டிக் குடுத்த ஊருல கொஞ்சம். வீடு வெந்தாலும் வெதை மிஞ்சும். இதச் சொன்னா பேரன் முழிக்கான். அவுக சாத்திரத்துலயும் இது உண்டாம்: 3-2-1. நகலு மூணு, வைக்கிற பொருளு ரெண்டு வகை, ஒண்ணு வெளியூர்ல. தெரிஞ்சுக்கிட்டே செய்யல, சோம்பேறிப்பய. இதுல பெரியவன் சின்னவன் கெடையாது. பிரான்சுல ஸ்ட்ராஸ்பூர்க்ல ஓவிஎச் கம்பெனியோட சர்வர்க் கட்டடமே 2021 மார்ச்சுல தீப்பிடிச்சுது. வேற எடத்துல நகலு வைக்காதவன் சாம்பலத்தான் அள்ளுனான்.

அதனால சொல்லுதேன் தம்பி. ஒளிச்சு வைக்கது வேற, பத்திரமா வைக்கது வேற. ஒளிக்கதுக்கு ஒரு ஆளு போதும். பத்திரத்துக்கு நாலு ஆளு வேணும். நாளைக்கு நீ துபாய்க்குப் போயிட்டா, இல்ல காய்ச்சல்ல படுத்துட்டா, ஒங்க அம்மைக்கு அந்தப் பொட்டியத் தொறக்கத் தெரியுமா? தெரியலன்னா கம்பெனிக்காரன்கிட்ட இருந்து மட்டுமில்ல, பெத்தவகிட்ட இருந்தும் சேத்துத்தான் பூட்டியிருக்க.

பேரனுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. ஒரு நகலு அத்தை வீட்டுக்குப் போயிருக்கு. சாவிவார்த்தையக் காயிதத்துல எழுதி எங்கையில குடுத்துட்டான். இருபத்தஞ்சு எழுத்து, நடுவுல கமா வேற.

எங்கன வச்சிருக்கேன்னா கேக்க? போலே! ஒம்போது நீதிபதி எழுதிக் குடுத்த அந்தரங்கம்லா அது.