கண்டியில் பைக் தூக்குவது எப்படி?

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பைக் வைத்திருந்தவரெல்லாம் சொத்துக்காரர் ஆனார்கள். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் ஊட்டி வளர்த்த வண்டியைப் பிறர் கையில் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே வீட்டிலேயே சேர்விஸ் செய்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். இனி வண்டியைத் தூக்க வேண்டும். படிப்படியாகச் செய்வோம்.

முதற்படி: சமதரை தேடுங்கள்

“வண்டியைச் சமமான தரையில் நிறுத்தவும்” என்று கைநூல்கள் ஒரே வரியில் கடந்துபோகும். அவற்றை எழுதியவர்கள் அம்பிட்டியவிலோ மஹியாவையிலோ குடியிருந்தவர்கள் அல்லர். இங்கே முற்றம் என்பது மேலே ஏறும், இல்லாவிட்டால் கீழே இறங்கும். கண்டி வாவிக்கரை நல்ல சமதரைதான். பொலிஸாரும் அங்கேதான் நிற்பார்கள். மிஞ்சுவது வீட்டு விறாந்தை. அந்தச் சிவப்பு மெருகுத் தரையில் ஜாக் அழகாக வழுக்கும். சாக்கு விரிக்கலாம் என்பீர்கள். சாக்கும் சேர்ந்து வழுக்கும்.

இரண்டாம் படி: ஆலோசனை கேளுங்கள்

கேட்கவே வேண்டாம், வரும். பக்கத்து வீட்டு மாமா கார் ஜாக் கொண்டுவருவார். அதன் தலை உள்ளங்கையளவுகூட இல்லை. 140 கிலோவைத் தாண்டும் பல்சரை அதன்மேல் ஏற்றுவது பரதநாட்டியத்துக்கு ஒரு செங்கல்லை மேடையாகக் கொடுப்பது போல. எதிர்வீட்டுத் தம்பி பலாமரக் கிளையில் கயிறு கட்டலாம் என்பார். இருவருக்கும் தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.

மூன்றாம் படி: பொருளைத் தெரிவுசெய்யுங்கள்

ஹைட்ரோலிக் மேசை: கராஜ்களில் பைக்கை இடுப்பளவு உயர்த்துவது. முதுகுவலி வராது. ஆனால் அதை வைக்க ஓர் அறை வேண்டும். அந்த அறையை வாடகைக்குக் கொடுத்தால் புது பைக்கே வாங்கிவிடலாம்.

கத்தரி ஜாக்: எஞ்சினுக்குக் கீழே பிரேம் குழாய் ஓடும் வண்டிக்கு உதவும். இடையில் மரக்கட்டை வைக்க வேண்டும். எல்லா பைக்கிலும் அந்தக் குழாய் கீழ்வரை வராது. அங்கே நீங்கள் தூக்குவது ஒயில் வடிக்கும் ஆணியையோ சைலன்சரையோதான். இரண்டின் விலையையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

படொக் ஸ்டாண்ட்: பின் சில்லின் இருபுறமும் பிடித்துத் தூக்கும் இரும்புச் சட்டம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு உண்மையிலேயே நல்லது. தனியாக முயன்றால் வண்டி மறுபக்கம் சாயும்; ஆகவே அந்த மாமாவைத் திரும்பக் கூப்பிட வேண்டிவரும்.

நான்காம் படி: குனிந்து பாருங்கள்

உங்களுடையது ஸ்ப்ளெண்டரோ சீடி 100ஓ என்றால், தேடிய கருவி வாங்கிய நாளிலிருந்தே வண்டிக்கு அடியில் தொங்குகிறது. அதன் பெயர் சென்டர் ஸ்டாண்ட். கையால் இழுக்காதீர்கள்; அதன் மிதியில் முழு எடையையும் போட்டு நில்லுங்கள், நெம்புகோல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சரிவில் நிறுத்த நேர்ந்தால் வண்டியின் மூக்கு மேட்டுப்பக்கம் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி முன்னே உருண்டு ஸ்டாண்ட் மடங்கிவிடும். அடுத்த தரிப்பிடம் மகாவலி கங்கை. முன்சில்லுக்குக் கல் கொடுங்கள்.

பின்சில்லு தரையை விட்டு எழும்பிவிட்டால் செயின் துடைக்கலாம், எண்ணெய் விடலாம், தொய்வு பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சில்லைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைப்பவர்களுக்கு அடுத்த முறை மோதிரம் வாங்கும் செலவு குறையும்.

வீட்டில் செய்யும் வேலையில் பெரும்பகுதி இவ்வளவுதான். முன்சில்லைக் கழற்ற வேண்டியபோது மட்டும் ஜாக்கை நினையுங்கள். அப்போதும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியபடி, பிரேமுக்குக் கீழே மரக்கட்டையோடு வையுங்கள். மற்றபடி ஜாக்குக்கு ஒதுக்கிய காசில் நல்ல செயின் எண்ணெய் வாங்குங்கள். மீதியில் முற்றத்தின் ஒரு மூலைக்கு, பைக் நிற்குமளவு, சமமாகச் சீமெந்து போடுங்கள். கண்டியில் மிகச் சிறந்த ஜாக் அதுதான்.