பொனட் திறந்தால் வருகிறவர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் காரின் பொனட்டைத் திறந்து பாருங்கள். கம்பியை முண்டு கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் சாரமும் பெனியனுமாக அங்கிள் வந்து நிற்பார்.

"தம்பி, பொயின்ற் பாத்தனீரோ?"

எந்த வருத்தத்துக்கும் இது ஒன்றுதான் கேள்வி. கார் ஸ்டார்ட் எடுக்கவில்லையா, பொயின்ற். இழுவை குறைவா, பொயின்ற். ரேடியேட்டர் கொதிக்கிறதா, அதற்கும் முதலில் பொயின்றைப் பார்த்துவிடுவது நல்லதாம். மாடிவீட்டு டொக்டரின் டொயோட்டா அக்குவா ஒருநாள் அசைய மறுத்தது. ஹைபிரிட் வண்டி. பிளக்குக்கு ஒன்றாக நாலு கொயில், எப்போது பொறி விழவேண்டும் என்று கணக்குப் பார்ப்பது கம்பியூட்டர். பொயின்ற் இருக்கும் டிஸ்ரிபியூட்டரே கிடையாது. அங்கிள் குனிந்து வெகுநேரம் தேடினார்.

"கழட்டி வித்துப்போட்டாங்கள்" என்றார்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பழகிய கை அது. இருந்த மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் சாகவிடாமல் ஓட்டவேண்டும். பொயின்ற் தீய்ந்தால் கார் நிற்கும், தேய்த்துவிட்டால் ஓடும். இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் சிகரெட் பெட்டி அட்டையைச் செருகிச் சரிபார்த்தார்கள். அங்கிளின் சட்டைப் பையில் அந்த அட்டை இன்றைக்கும் இருக்கிறது. சிகரெட்டை விட்டுப் பல வருடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, 2025 பெப்ரவரி வரை அவருக்கு இரண்டாவது இளமை. ஒழுங்கை முழுக்கப் பழைய வண்டிகள், எல்லாம் வாயைப் பிளந்தபடி.

ஆனால் அந்த மொறிஸ் மைனர் விஷயத்தை மன்னிக்க முடியாது.

டிஸ்ரிபியூட்டரின் தண்டு தேய்ந்து ஆடத் தொடங்கியிருந்தது. தண்டு ஆடினால் பொயின்றை எத்தனை தரம் அளந்து வைத்தாலும் நிற்காது, ஆளையே மாற்றவேண்டும். கார்க்காரர் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி ஒரு லூக்காஸ் கொண்டுவந்தார். மெக்கானிக் பாஸ் முதலாம் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, ரோட்டர் பார்த்த திசைக்குச் சோக்கால் கோடு போட்டு, பழையதைக் கழட்டிப் புதியதை இறக்கினார்.

"180 பாகை மாறிப் பூட்டுறீர்" என்றார் அங்கிள்.

மொறிஸில் அப்படிப் பூட்டவே ஏலாது. தண்டு நுனியில் உள்ள நாக்கு நடுவில் இல்லை, ஒருபக்கம் தள்ளியிருக்கும். ஒரே விதமாகத்தான் உட்காரும். பாஸ் இதைச் சொன்னார். அங்கிள் சிரித்தார். பெடியன் பாவம், என்னும் சிரிப்பு.

பாஸ் தேத்தண்ணிக்குப் போன இடைவெளியில் பிளக் வயர்களை அவரே "சரியாக்கி" வைத்தார். 1, 3, 4, 2 என்ற வரிசை சரி. ஆனால் அந்த எஞ்சினில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்; அங்கிள் வலஞ்சுழியாகப் பூட்டியிருந்தார். ஒன்றும் நாலும் தப்பின, இரண்டும் மூன்றும் இடம் மாறிவிட்டன. சாவியைத் திருகியதும் கார்பரேட்டர் துப்பியது, சைலன்சர் வெடித்தது, மேல்மாடியில் ஒரு குழந்தை எழும்பி அழத் தொடங்கியது.

டோர்ச் பிடிக்கச் சொன்னால் பிடிக்கமாட்டார். பிடித்தாலும் வெளிச்சம் தான் பேசும் பக்கம்தான் போகும். அன்று பிழையைத் தேடிப் பிடிக்க அரைநாள் போயிற்று, கூலி கூடிற்று, காரோடு சம்பந்தமில்லாத பேச்சு முழுவதையும் பாஸ் கேட்கவேண்டியிருந்தது. கூடுதல் காசைக் கார்க்காரர்தான் கொடுத்தார். அங்கிளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. கொட்டாஞ்சேனையில் மச்சானின் வான் ஸ்டார்ட் எடுக்கவில்லையாம், பஸ் ஏறிப் போய்விட்டார்.