வராத தபாலுக்கு வந்த கோவம்

வா கண்ணு, உக்காரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? கூகுள் கம்பெனிக்காரன் உன்ற பணத்தை முழுங்கிட்டானாக்கும்? அமெரிக்காவுல இருக்கறவன், காங்கேயம் மாட்டைப் பத்தி நீ எழுதினதுக்கு வந்த காசை எப்படி அமுக்கலாம்னு ராத்திரி தூங்காம ரோசனை பண்ணியிருப்பான். உன்ற மேல அவனுக்கு அத்தனை கவனம் இருந்தா நீ பெரிய ஆளுதான் சாமி.

கொள்ளைக்காரன்ங்கற. விளம்பரத்துக்கு ஒருத்தன் 100 ரூபாய் குடுத்தா அதுல 68 எழுதறவனுக்குன்னு 2010-லயே கூகுள்காரன் வெளிய சொன்னான். நம்ம மண்டியில போயித் தேங்காய்க்கு இப்படியொரு கணக்கைக் கேட்டுப் பாரு, சிரிச்சுக்கிட்டே டீ வாங்கிக் குடுத்து அனுப்பீருவாங்க. இன்னொண்ணு, எழுதறவன் பக்கத்துல விளம்பரம் போட்டுக் காசு குடுக்கற அவனோட ஆட்சென்ஸ் ஆரம்பிச்சது 2003-ல. தமிழ்ல எழுதறவனுக்குக் கதவு தொறந்தது 2018-ல. அதுவரைக்கும் தமிழ்ல எழுதினவங்க அதுல ஒத்தப் பைசா பார்க்காமத்தான் எழுதுனாங்க. நீ கதவு தொறந்ததும் உள்ள போன ஆளு, சாவியை மட்டும் எங்கயோ போட்டுட்டே.

மொதல்ல இதைச் சொல்லு. கணக்கு உன்னை உள்ள வர விடமாட்டேங்குதா, இல்ல வெளிய போன்னு சொல்லீட்டுதா? ரெண்டும் ஒண்ணில்ல. வெளிய போன்னு சொல்லியிருந்தா நான் ஆறுதல்தான் சொல்ல முடியும். "மச்சான், ஆளுக்கு நாலு அமுக்கு அமுக்குங்கடா"ன்னு உன்ற குரூப்புல போட்டயே, உங்கம்மா போன்ல நானே படிச்சேன். தானா அமுக்கறதும் சோட்டாளுகளை உட்டு அமுக்கச் சொல்றதும் தெரிஞ்சா கணக்கை மூடீருவான். சேர்ந்த காசு விளம்பரம் குடுத்தவனுக்கே திரும்பிப் போயிரும். மேல்முறையீட்டுக்குப் படிவம் இருக்குது. அதுல அழுது எழுதினா ஆகாது, எந்த அமுக்கல் எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதோணும். நீ எழுதுவயா? "என்ற மச்சானுகதான்"னு எழுதீருவயா? உன்ற நல்ல நேரம், அந்தச் சோம்பேறிகள் ஒருத்தனும் அமுக்கலை.

சரி, உள்ளதான் விடமாட்டேங்குது. பழைய நம்பருக்குக் கோடு அனுப்பியிருக்கோம்னு சொல்லுது, இல்ல? காலேஜ்ல இருந்தப்ப வாங்குன சிம்மு. ரீசார்ஜ் எச்சுன்னு தூக்கிப் போட்டே. அப்படி நின்னுபோன நம்பரை 90 நாளைக்கு யாருக்கும் குடுக்கக் கூடாது, அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துக்கலாம். இப்ப உன்ற கோடு எந்தப் புண்ணியவான் சட்டைப் பையில மணியடிக்குதோ!

விளம்பரம் எப்ப நின்னுச்சுன்னு கவனிச்சயா? நான் கவனிச்சேன். உன்ற பக்கத்துல முட்டி வலித் தைலம் வந்துக்கிட்டிருந்துச்சு, எனக்குன்னே போட்டானுகளோ என்னவோ. ஒரு நாள் பார்த்தா வெறும் மாடு மட்டும் நிக்குது. அது தபால் சமாச்சாரம். கணக்குல 10 டாலர் சேர்ந்ததும் ஆறு இலக்க நம்பரைக் காகிதத்துல அச்சடிச்சு, சாதாரணத் தபால்ல அனுப்புவான். ரெண்டு வாரத்துலயிருந்து நாலு வாரத்துக்குள்ள வந்து சேரும். நாலு மாசத்துக்குள்ள அதைப் போடலைன்னா விளம்பரத்தை நிறுத்தீருவான். நீ குடுத்த விலாசம் எது? கோயமுத்தூர் ஹாஸ்டல். தபால் பை தூக்கியே தலை நரைச்சவன் சொல்றேன், ஹாஸ்டல் தபால் வார்டன் மேசை ட்ராயர்லதான் கெடக்கும். அதுக்கு ரசீதும் இல்ல, தேடற வழியும் இல்ல.

இனி எதிர்வீட்டுக்காரன் பேச்சைக் கேட்டு, உன்ற பேர்லயே ரெண்டாவது கணக்குத் தொறந்தராதே. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான், ரெண்டாவதைப் பார்த்தான்னா அதையும் மூடுவான். டெலிகிராம்ல "மீட்டுத் தர்றோம் ப்ரோ"ன்னு வர்றவன்கிட்ட ஓடிபி சொல்லீராதே. இருக்கற சட்டியையும் தூக்கிட்டுப் போயிருவான்.

திரை ஒடைஞ்ச அந்தப் பழைய போன் பரண்மேல இருக்குது, நாந்தான் எடுத்து வெச்சேன். அதைச் சார்ஜ் போடு. எப்பவும் நீ உக்காந்து எழுதற இடத்துல, நம்மூட்டு வைபையிலயே தொறந்து பாரு. தெரிஞ்ச போன், தெரிஞ்ச இடம்னா கொஞ்சம் நம்பும். கடைசியா ஞாபகம் இருக்கற பாஸ்வேர்டைக் கேட்டா தெரியாதுன்னு தாண்டிப் போகாதே, உத்தேசமாவாவது போடு. எட்டு இலக்கத்துல பத்து பேக்கப் கோடு முன்னாடியே எடுத்து வெச்சிருந்தா இத்தனை கூத்தே இல்ல. எடுத்தயா? எங்க எடுத்தே.

கணக்கு நம்பர் தெரியலைன்னு முழிக்காதே. உன்ற பக்கத்தோட நிரல்லயே 'பப்'னு தொடங்கி 16 இலக்கம் கெடக்கும், ஊரே பாக்கற மாதிரி. உள்ள போனதும் விலாசத்தை இந்த ஊட்டுக்கு மாத்தி, புதுசாத் தபால் கேளு. பேங்குல இருக்கற பேரும் அங்க இருக்கற பேரும் ஒண்ணா இருக்குதான்னு பாரு. நம்மூர்ல இனிஷியல் ஒரு பக்கம் முன்னாடி நிக்கும், ஒரு பக்கம் பின்னாடி தொங்கும். 100 டாலர் சேர்ந்தாத்தான் கைக்கு வரும், அதுக்குள்ள இதையெல்லாம் முடிச்சுக்கோ.

மீட்பு நம்பருக்கு உன்ற நம்பர் வேண்டாம், நாளைக்கே வேற ஆஃபர் பார்த்து மாத்தீருவே. இந்த ஊட்டுல மாத்தாத நம்பர் ஒண்ணே ஒண்ணு, உங்க ஆத்தாளது. ரேசன் கார்டு, கேஸ், பேங்கு எல்லாம் அதுலதான் கட்டிக் கெடக்குது, எமன் வந்தாலும் மாத்த மாட்டா. அதைக் குடு. அப்படியே ஆட்சென்ஸ் கணக்குல இன்னொரு நிர்வாகியாவும் அவளைச் சேர்த்து உடு. ஏஞ்சாமி பாக்கறே? மாசாமாசம் எத்தனை வந்துச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுருமேன்னா? தெரியட்டுமே. மோட்டாருக்குக் காயில் கட்டக் காசு கேட்டா ரெண்டு மாசமா என்றகிட்டத்தான் கையைக் காட்டறா.