ரேடியேட்டர் மாமா

மாம்பலம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். வாசலில் 1974 மாடல் அம்பாசடர் மார்க் டூ. கம்பெனிக்காரன் 2014இல் அம்பாசடரை விட்டுவிட்டான், மாமா விடவில்லை.

"கூலண்ட் மாத்த கடையிலயே விட்டுடலாமே மாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"கடையிலயா? போர் தண்ணியைப் புடிச்சு ஊத்துவான். உப்பு படிஞ்சு ட்யூப் அடைச்சுக்கும். மெட்ராஸ் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குன்னு அதையும் கழட்டிப் போட்டுடுவான்!"

சொல்வதில் பொய்யில்லை என்பதுதான் தொல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வைபவம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று சனிக்கிழமையே கார் மடி, யாரும் தொடக்கூடாது. சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும் என்பது தெருப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ரேடியேட்டர் அடியிலுள்ள குழாயைத் திறந்ததும் கேப்பைக்கூழ் நிறத்தில் துருத்தண்ணீர், மாமியின் அலுமினிய பேசினில் இறங்கும்.

"இனிமே இதுல அரிசி களைய முடியுமா?" என்பார் மாமி.

"களையவே கூடாது. எத்திலீன் கிளைகால். விஷம்!" என்பார் மாமா, ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி. அது இனிக்குமாம், நாய் நக்கினால் செத்துவிடுமாம். நாய் விரட்ட எதிர்வீட்டுப் பையன் நியமனம்.

பிறகு தோட்டத்து ஹோஸை ரேடியேட்டரின் கீழ்வாயில் செருகி எதிர்த்திசையில் தண்ணீர் அடிப்பார். வெளியே வருவதை காபி டம்ளரில் அல்ல, கண்ணாடி டம்ளரில்தான் பிடிப்பார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "இன்னும் கலங்கல்." நமக்குக் குடிக்கலாம் போலிருக்கும். பாதி கூலண்ட், பாதி பேட்டரி தண்ணீர் ஊற்றி, மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை குனிந்தே இருப்பார். இல்லாவிட்டால் ஏர்லாக் ஆகிவிடுமாம். அந்நேரம் போன் வந்தால் சம்பந்தியானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மவுண்ட் ரோடு சிக்னலில் சூட்டு முள் ஏறும். ஹோஸுக்கு அசையாத பழைய உப்பு. புதுப்பேட்டை ரேடியேட்டர் கடைதான் கதி. அங்கே மேல் டேங்கின் ஈயத்தை உருக்கிப் பிரித்து, ட்யூப் ட்யூபாகக் கம்பி விட்டுக் குத்துவார்கள். மாமா ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே.

"மெதுவா தம்பி, பித்தளை. ஆரஞ்சு கூலண்ட் ஊத்திடாதே, பழைய ஈயப் பத்துக்கு ஆகாது. பச்சைதான்."

"சரி சார்" என்பான் தம்பி, நிமிராமல்.

மாமா கிளம்பிய கையோடு ஒரு பத்மினி கார் வந்து நிற்கும். கையில் ஆரஞ்சு கேனோடு இறங்கும் ஓனரைத் தம்பி ஏற இறங்கப் பார்ப்பான்.

"என்ன சார் நீங்க, படிச்சவங்க..."