உங்க ஃபோன்லதான் பிரச்சினை

அலுவலக வைஃபையில் கைபேசி சேரவில்லை என்றால் குற்றவாளி யார் என்பது விசாரணைக்கு முன்பே முடிவாகிவிடும். கைபேசிதான். அதிலும் மலிவு விலைக் கைபேசி. மேலாளருடைய ஐஃபோன் சேராத அன்று "நெட்வொர்க் டவுன்". மற்றவர்களுக்குச் சேராத அன்று "உங்க ஃபோன்லதான் பிரச்சினை". கோளாறு ஒன்றுதான், சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் வருகை இப்போது ஆப்பில். அவரவர் சொந்தக் கைபேசியில் இறக்கிக்கொள்ள வேண்டும். அலுவலக வைஃபையில் இருந்தால்தான் அது "உள்ளேன் ஐயா" சொல்லும். கைபேசி நம் காசு, சார்ஜ் நம் வீட்டுக் கரண்ட், சேராவிட்டால் வெட்டு நம் சம்பளத்தில். மூன்று தாமதம் என்றால் அரை நாள் போச்சு. ஆள் கண்ணெதிரே நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாலும், ஆப் வரவில்லை என்றால் அவர் வரவில்லை.

ஐடி பிரிவுக்குப் போனால் அங்கே ஒரு தம்பி. திரையிலிருந்து தலையைத் தூக்காமலே வரிசையாகச் சொல்வார்: வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஃபர்கெட் கொடுங்க. ஏரோப்ளேன் மோட் போட்டு எடுங்க. ரீஸ்டார்ட். ரீசெட். கடைசியாக, "பேசாம புது ஃபோன் வாங்கிடுங்கக்கா, இஎம்ஐ போட்டா தெரியாது." அவரைத் திட்டிப் பயனில்லை. அவரும் ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். ரௌட்டர் பாஸ்வேர்டு அவர் கையில் கிடையாது. அது வெண்டாரிடம் இருக்கிறது. வெண்டார் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும் காட்சி தருவார்.

சரி, கோளாறு என்ன பரம ரகசியமா? வைஃபையில் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் டிஹெச்சிபி சர்வர் ஓர் ஐபி எண் தர வேண்டும். எல்லாரும் வழக்கமாகப் போட்டுவிட்டுப் போகிற அமைப்பில் மொத்தமே 254 எண்கள். அதில் பிரிண்டரும் கண்காணிப்புக் கேமராவும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். மிச்சத்தில்தான் ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு லேப்டாப், சில மணிக்கட்டுகளில் கடிகாரமும். ரேஷன் கடையில் டோக்கன் தீர்ந்த கதைதான், ஒரே வித்தியாசம்: இங்கே ஆள் போன பிறகும் டோக்கன் அவர் பெயரிலேயே கிடக்கும். விண்டோஸ் சர்வரில் யாரும் கை வைக்காமல் விட்டால் அந்தக் கெடு 8 நாள். திங்களன்று வந்து காபி குடித்துவிட்டுப் போன விருந்தாளியின் கைபேசி அடுத்த செவ்வாய் வரை ஓர் எண்ணைப் பிடித்துவைத்திருக்கும். தினமும் வருகிறவருடைய கைபேசி "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐஃபோனாக இருந்தால் 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்த மாத்திரத்தில் சர்வர் கைவிரித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாராவது பார்க்க வேண்டுமே! கெடுவைச் சில மணி நேரமாகக் குறைத்தால் பாதித் தொல்லை அன்றைக்கே தீரும்.

இது போதாதென்று பாதுகாப்பு வேறு. வரவேற்பு மேசையில் விருந்தாளி வைஃபையின் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்திருக்கும் அதே நிறுவனம், ஊழியரிடம் மேக் முகவரிப் படிவம் கேட்கிறது. கைபேசியின் "அபௌட் ஃபோன்" பக்கத்தைத் திறந்து, 12 இலக்கத்தைப் பார்த்து எழுதி, துறைத் தலைவர் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தும் சேராது. காரணம், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 தொடங்கி, கைபேசிகள் வைஃபைக்குத் தம் இயற்பெயரான அந்த மேக்கைச் சொல்வதில்லை. யாரும் பின்தொடரக் கூடாது என்று ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர். படிவத்தில் ஒன்று, வாசலில் இன்னொன்று. அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய், தனியுரிமை என்ற இடத்தில் சாதனத்தின் சொந்த மேக்கைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. படிவத்தின் அடியில் இதை ஒரு வரி அச்சிட்டிருக்கலாம். அச்சிட்டிருக்கும் வரி வேறு: "தவறான தகவலுக்கு ஊழியரே பொறுப்பு."

துப்புரவு வேலைக்கு வருகிற அக்கா காலை ஆறரைக்கே வந்துவிடுவார். திரை விரிசலில் செலோ டேப் ஒட்டிய கைபேசியை பேண்ட்ரி கூரையில் இருக்கும் வெள்ளை வைஃபை பெட்டிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், இன்னொரு கையில் மாப். மாதக் கடைசியில் அவருக்கு ஒன்றரை நாள் சம்பளம் குறைந்திருந்தது. ஹெச்ஆரில் கேட்டதற்கு, "சிஸ்டம்ல ஏறிடுச்சும்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். அதே சிஸ்டத்தில் மேலாளர்களுக்கு "ஆன் டியூட்டி" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது எந்த வைஃபையும் இல்லாமல் வேலை செய்யும். ஊட்டியிலிருந்துகூட.

ஏதோ ஒரு கம்பெனியின் கிறுக்குத்தனம் என்று தள்ளிவிட முடியுமா? அரசாங்கம் இதில் நமக்கெல்லாம் மூத்தது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைக்கு என்எம்எம்எஸ் என்ற ஆப் கட்டாயம் என்றார்கள். நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களை நிறுத்திவைத்து, இடமும் நேரமும் பதிகிற மாதிரிப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. படம் ஏறாமல் போனால் ஏரியில் வெட்டிய மண் வெட்டாத மண். இதை எதிர்த்து அந்த ஆண்டே தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். மண்வெட்டி பிடிக்கிறவர் பேச்சு எந்த சர்வரில் ஏறும்?

பிறகு 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறியிருக்கின்றன, நேரில் எடுக்காமல் படத்தையே படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள், ஒரே படம் பல பட்டியல்களில் இருக்கிறது. வெயிலில் நின்ற கிழவியை "இல்லை" என்ற ஆப், படத்தின் படத்தை "உண்டு" என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது! பரிகாரம் என்ன தெரியுமா? ஊராட்சி முதல் மாநிலம் வரை ஆட்கள் உட்கார்ந்து அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டுமாம். ஆளை நம்ப முடியாது என்று ஆப், ஆப்பை நம்ப முடியாது என்று மறுபடி ஆள்.

எங்கள் அலுவலகம் மட்டும் சளைத்ததா? ஆப் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க அடுத்த மாதம் முதல் வாசலில் கையெழுத்து நோட்டு ஒன்றும் வைக்கப்போகிறார்கள். இரண்டிலும் இருந்தால்தான் முழு நாள். பேனா அவரவர் கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கையில் தனிப் பத்தியே போட்டிருக்கிறார்கள்.