தாழம்பூவுக்குக் கிடைக்காத மேல்முறையீடு

பெறுநர்: ஆணையர், இந்து சமய அறநிலையத்துறை, சென்னை

மதிப்பிற்குரிய ஐயா,

திருவண்ணாமலைவாசியான மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

இவ்வூரின் முதல் வழக்கு பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் நடந்தது. சிவனின் முடியைக் கண்டதாகப் பிரம்மா சொன்னார். தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே அமர்வில் முடிந்தன. சிவபூசையில் தாழம்பூவுக்குப் பொதுவாக இன்றும் இடமில்லை. பாவம், மேல்முறையீடு செய்ய அன்று 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் இல்லை.

மனுதாரருக்கு அந்தக் குறை இல்லை. பரம்பரை அறங்காவலர் யார், கோயில் மரியாதை யாருக்கு என்று தகராறு வந்தால், 63ஆம் பிரிவின்படி தங்கள் இணை ஆணையரோ துணை ஆணையரோ நீதிபதிபோல் அமர்ந்து முடிவு சொல்வார். ஓர் இடம் சட்டப்படி சமய நிறுவனமா, இல்லையா? அதையும் அவரே சொல்வார். துறைக்கு அங்கே அதிகாரம் உண்டா என்ற கேள்விக்குத் துறையே விடை தருவதில் எவ்வளவு சௌகரியம்!

முடிவு பிடிக்காதவர் 69ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் தங்களிடம் முறையிடலாம். தாங்களும் அதையே சொன்னால், 90 நாட்களுக்குள் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அங்கும் தோற்றால் இன்னொரு 90 நாள், உயர் நீதிமன்றம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை முதியவர்கள்கூட ஒரே இரவில் முடித்துவிடுகிறார்கள். இந்தச் சட்டக் கிரிவலத்திலோ முதல் இரண்டு லிங்கங்களும் ஒரே துறையைச் சேர்ந்தவை.

நாள் தவறினால் என்ன ஆகும் என்று மனுதாரர் விசாரித்தார். கோப்பு மேசை மேசையாக நகர்ந்ததால் தாமதம் என்பது அரசுத் துறைகள் வழக்கமாகச் சொல்லும் காரணமாம். 427 நாள் தாமதத்துக்குத் தபால் துறை அதைச் சொன்னபோது, 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மனுதாரர் வீட்டில் ஒரே மேசைதான் இருக்கிறது.

நீதிமன்றம் இவ்வூருக்குப் புதிதல்ல. மலை அரசுக்கா, கோயிலுக்கா என்ற வழக்கில் 1938இல் ரமண மகரிஷியே சாட்சியாக விசாரிக்கப்பட்டார். மலையே சிவன் என்றார் அவர். பட்டா எண் கேட்பவர்களுக்கு இது சங்கடமான சாட்சியம். தஞ்சை மண்ணின் பத்தூர் நடராஜர் சிலையை மீட்க லண்டன் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்தூர்க் கோயிலையே வழக்காடும் தகுதியுள்ள நபராக ஏற்றுக்கொண்டது. சிலை தமிழ்நாடு திரும்பியது. நல்லவேளை, லண்டனில் 63ஆம் பிரிவு கிடையாது.

வருமான வரிக்காரர்களுக்குக்கூட இதைவிட நல்ல வழி இருக்கிறது. வரி அதிகாரியின் உத்தரவை எதிர்ப்பவர் முதலில் அந்தத் துறையிலேயே முறையிட்டாலும், அடுத்த கட்டம் 1941 முதல் இயங்கும் தீர்ப்பாயம். அது நிதி அமைச்சகத்தின் கீழ் இல்லை. சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது.

ஆகவே, 69ஆம் பிரிவின் மேல்முறையீடுகளைத் துறைக்கு வெளியே உள்ள ஒரு தீர்ப்பாயம் விசாரிக்கும்படி சட்டத்தைத் திருத்த அரசுக்குப் பரிந்துரைக்குமாறு மனுதாரர் வேண்டிக்கொள்கிறார். பதிலைத் தாங்களே முடிவு செய்து, தாங்களே உறுதி செய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மனுதாரர்